கர்ப்பமா இருக்கேக்க வேலையால நிப்பாட்டினவை, வேலையில்லாக் காசு ஈஐயும் இல்லையாம் - அப்பீல் பண்ணலாமோ, விடுறதோ?

புதுவீட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கனடாவில, ரொறன்ரோ ஸ்காபரோவில இருக்கிறன். ஒரு வேர்ஹவுஸில பக்கிங் வேலை, ரெண்டு வருஷத்துக்கு மேல அங்கதான். இப்ப ஆறாம் மாசம். முதல் மூண்டு நாலு மாசமும் சரியான சத்தி, விடியக்காலமை ஷிஃப்டுக்கு கொஞ்ச நாள் பிந்திப் போனன், ஆனா பிந்தின ஒவ்வொரு நாளும் சுப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டிருக்கிறன், "சத்தி வந்து பஸ்ஸால இறங்கீட்டன், அடுத்த பஸ்ஸில வாறன்" எண்டு. எல்லாம் ஃபோனில இருக்கு. பிள்ளை வயித்தில எண்டு சொன்னாப் பிறகுதான் வார்னிங் லெற்றர் வரத் தொடங்கினது, அதுக்கு முந்தி ஒண்டும் இல்லை. பிறகு ஒரு நாள் ஒஃபிசுக்கு கூப்பிட்டு அற்றெண்டன்ஸ் சரியில்லை எண்டு நிப்பாட்டீட்டினம். வேலை முடிஞ்சதுக்கு குடுக்கிற ஆர்ஓஈயில கோட் எம், அதாவது டிஸ்மிஸல். ஈஐக்கு போட்டன், ஈஐ குடுக்கிற அரசாங்க ஒஃபிஸ் சேர்விஸ் கனடா "மிஸ்கொண்டக்ட்", அதாவது வேணுமெண்டு விட்ட பிழை, எண்டு ரெகுலர் காசு (சாதாரண வேலையில்லாக் காசு) இல்லை எண்டு லெற்றர் அனுப்பியிருக்கு. வீட்டில எல்லாரும் இந்த நேரத்தில ஏன் தலையிடி, விடு எண்டுகினம். எனக்கு மனசு கேக்குதில்லை. என்ன செய்ய?

கிங்ஸ்ரன் ரோட்

தங்கச்சி, நானும் விடுங்கோ எண்டுதான் சொல்லுவன், ஆனா பயத்தில சொல்லேல்லை, கணக்குப் பாத்துத்தான் சொல்லுறன். மிஸ்கொண்டக்ட் எண்டு மறுக்கிறது ரெகுலர் காசை மட்டும்தான். மற்றேர்னிட்டி (பிள்ளைப்பேற்றுக் காசு), பேரன்ரல் (பிள்ளை பாக்கிற காசு), சிக்னஸ் (வருத்தக் காசு) மூண்டையும் அது நிப்பாட்டாது, 600 மணித்தியாலம் வேலை செய்திருந்தால் காணும். மற்றேர்னிட்டி 15 கிழமை, பிள்ளை பிறக்கிற திகதிக்கு 12 கிழமைக்கு முந்தியே தொடங்கலாம். ஆறாம் மாசம் எண்டா அதுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் கிடக்கு. அந்த இடைவெளிக்கு டொக்டரிட்ட துண்டு வாங்கி சிக்னஸ் எடுங்கோ, இப்ப அது 26 கிழமை வரை குடுக்கினம்.

இன்னொண்டு, இதை ஒருத்தரும் சொல்லுறேல்லை. ரெகுலர் காசு ஒரு கிழமை வாங்கினாலும் எல்லாம் சேர்த்து 50 கிழமைக்கு மேல இல்லை. மற்றேர்னிட்டி 15, பேரன்ரல் ஒரு ஆளுக்கு 35, அதுவே 50. அப்ப அப்பீலில வெண்டு ரெகுலர் வாங்கினா பிள்ளையோட இருக்கிற கிழமையிலதான் வெட்டு விழும். சிக்னஸ் எடுத்தா அந்த வெட்டு இல்லை. வெண்டும் நட்டம், ஏன் இந்தப் பாடு?

மழைக்காலம்

அண்ணை சொன்ன 50 கிழமைக் கணக்கு சரி, ஆனா அவர் சொல்லாத ரெண்டு விஷயம் இருக்கு.

முதலாவது, சிக்னஸ் எண்டா வேலை செய்ய ஏலாது எண்டு டொக்டர் எழுதித் தரவேணும். தங்கச்சி, உங்களுக்கு இப்ப சத்தி நிண்டிட்டுதோ? நிண்டிட்டுது, வேலை தேடுறீங்கள் எண்டா பொய்யாத் துண்டு வாங்கப் போகாதேங்கோ, பிறகு அதுவே பெரிய கரைச்சலா வரும். கர்ப்பம் எண்டது வருத்தம் இல்லை, வேலை செய்ய ஏலுமான கர்ப்பிணிக்கு ரெகுலர் ஈஐதான் சரியான பெட்டி.

ரெண்டாவது, பேரன்ரல் 40 கிழமை ரெண்டு பேருக்கும் சேர்த்து இருக்கு. உங்கட பங்கில வெட்டு விழுந்தா கணவர் எடுக்கலாம். இந்த மாச வாடகையை அடுத்த வருஷத்து பேரன்ரல் காசால கட்டேலாது அண்ணை.

அதைவிட, மிஸ்கொண்டக்ட் எண்டு ஃபைலில கிடந்தா அந்த வேலை போறதுக்கு முந்தின மணித்தியாலம் ஒண்டும் பிறகு ரெகுலருக்கு கணக்கில வராது. திரும்ப வேலைக்குப் போய் கொஞ்சக் காலத்தில அங்க லேஓஃப் வந்தா புது மணித்தியாலம் மட்டும்தான். உது சின்ன விஷயம் இல்லை.

ஷிஃப்ட் லீட்

நான் பிராம்ப்டன்ல ஒரு வேர்ஹவுஸ்ல ஷிஃப்ட் லீடா இருக்கேன், ஊரு திருச்சி பக்கம். கோவப்படாம கேளுங்க. லைன்ல ஒரு ஆள் வரலைன்னா மத்த நாலு பேர் தலையில அந்த வேலை விழுது, அந்த நாலு பேர்லயும் வயசானவங்க, முதுகுவலிக்காரங்க இருக்காங்க. லேட்டுக்கு வார்னிங் கொடுத்தும் திரும்ப லேட்னா கம்பெனி என்ன பண்ணும்? மெசேஜ் போட்டா மட்டும் லேட் இல்லைன்னு ஆயிடுமா? இவங்க அப்பீல் கேக்கற ட்ரிப்யூனல்ல போய் "கர்ப்பமா இருந்ததால தூக்கிட்டாங்க"ன்னு சொன்னா அங்க எடுபடாது, ஏன்னா கம்பெனி கையில வந்த நேரம் காட்டற பஞ்ச் ரிப்போர்ட் இருக்கும், வார்னிங்ல இவங்க கையெழுத்தும் இருக்கும். என் கண் முன்னாடி ஒரு பையன் இப்படித்தான் போய் தோத்துட்டு வந்தான்.

மழைக்காலம்

தம்பி, நீங்கள் சொன்னதில ஒரு பாதி உண்மை, அந்தப் பாதிதான் இந்த அப்பீலுக்கு முக்கியம். ஈஐ அப்பீலில கம்பெனி நியாயமா நிப்பாட்டினதோ இல்லையோ எண்டு பாக்கிறேல்லை. "என்னை அநியாயமா நிப்பாட்டீட்டினம்" எண்டு பத்துப் பக்கம் எழுதினாலும் அது அங்க வேலை செய்யாது. அவை பாக்கிறது ஒரே கேள்வி: இந்தப் பிள்ளை தெரிஞ்சு, வேணுமெண்டு செய்தவவோ, இப்பிடிச் செய்தா வேலை போகக் கூடும் எண்டு தெரிஞ்சும் செய்தவவோ? 2007இல ஃபெடரல் அப்பீல் கோர்ட் மிஷிபினிஜிமா எண்ட வழக்கில சொன்ன அளவுகோல் அதுதான். வேணுமெண்டு நித்திரை கொண்டு பிந்தினதும் பஸ்ஸுக்குள்ள சத்தி வந்து இறங்கி றோட்டோரத்தில நிண்டதும் ஒண்டோ? சத்தியை ஆரும் வேணுமெண்டு எடுக்கிறேல்லை.

பஞ்ச் ரிப்போர்ட் பிந்தினது எண்டதைக் காட்டும், ஏன் பிந்தினது எண்டதைக் காட்டாது. மிஸ்கொண்டக்ட் எண்டு நிரூபிக்க வேண்டியது ஈஐயை நடத்துற கமிஷன், தங்கச்சி இல்லை. ரெண்டு பக்கத்து சாட்சியும் சமனா நிண்டா சந்தேகத்தின்ர பலனை ஈஐக்குப் போட்ட ஆளுக்குக் குடுக்க வேணும் எண்டு சட்டத்திலயே, 49ஆம் பிரிவில கிடக்கு.

ஷிஃப்ட் லீட்

சரிக்கா, ஆனா வார்னிங் லெட்டர்ல "இனி லேட் ஆனா வேலை போகும்"னு எழுதி இருந்தா "தெரிஞ்சும் செய்தா"ங்கிறது அங்கயே வந்துடுதே. முன்னாடி பஸ்ல வந்திருக்கலாம், ஷிஃப்ட் மாத்திக் கேட்டிருக்கலாம், அதெல்லாம் கேட்பாங்களா மாட்டாங்களா?

மழைக்காலம்

கட்டாயம் கேப்பினம். அதாலதான் தங்கச்சியிட்ட கேக்கிறன், பின்னேர ஷிஃப்ட் தாங்கோ எண்டு எப்பவாவது கேட்டனீங்களோ? எழுத்தில இருக்கோ?

புதுவீட்டுக்காரி

கேட்டனான் அக்கா. மெசேஜில "மத்தியான ஷிஃப்டுக்கு மாத்தித் தரேலுமோ, காலமையில சரியான கஷ்டமா இருக்கு" எண்டு போட்டன், சுப்பர்வைசர் பெருவிரல் படத்தை மட்டும் போட்டு விட்டவர், பிறகு ஒண்டும் நடக்கேல்லை. டொக்டர் துண்டும் ஒண்டு குடுத்தனான், அதின்ர கொப்பி என்னட்ட இல்லை, கிளினிக்கில இருக்கும் எண்டு நினைக்கிறன். வார்னிங்கில கையெழுத்து வைக்கச் சொன்னவை, வைச்சிட்டன். சத்தி இப்ப இல்லை, வேற வேலைக்கு அப்ளை பண்ணிக்கொண்டுதான் இருக்கிறன்.

ஷிஃப்ட் லீட்

ஷிஃப்ட் மாத்திக் கேட்டதுக்கு ரிப்ளையே இல்லைன்னா அது கம்பெனி தப்பு தான், அதை நான் ஒத்துக்கிறேன். என் லைன்ல யாராவது கேட்டா எச்ஆருக்கு அனுப்பணும், அது எங்களுக்கு ட்ரெயினிங்லயே சொல்றாங்க. ஆனா கையெழுத்து போட்டது சிக்கல் தான்னு இப்பவும் சொல்றேன்.

தோணி

இதை வாசிக்க எனக்கு ஸ்ரெல்லா பிளிஸ்ஸின்ர கதைதான் ஞாபகம் வருது. 1976இல வன்கூவரில கர்ப்பம் எண்டதால வேலை போன மனுசி. பிள்ளை பிறந்து ஒரு கிழமைக்குள்ளயே வேலைக்கு ரெடி எண்டு சாதாரண வேலையில்லாக் காசுக்குப் போட்டவ. மற்றேர்னிட்டிக்கு தேவையான காலம் அவவுக்கு காணாது, ஆனா சாதாரண காசுக்கு வேண்டிய காலம் இருந்தது. கர்ப்பிணிக்கு அந்தக் கிழமைகளில சாதாரண காசு இல்லை எண்டு அப்பத்தைய சட்டம் மறிச்சது. சுப்ரீம் கோர்ட் வரை போனவ, 1978இல தோத்தவ. இந்த வித்தியாசத்தை சட்டம் உண்டாக்கேல்லை, இயற்கைதான் உண்டாக்கினது எண்ட மாதிரி தீர்ப்பு எழுதினவை. பிறகு 1989இல புரூக்ஸ் எண்ட வழக்கில அதே கோர்ட் தான் முந்திச் சொன்னது பிழை எண்டு சொல்லி, கர்ப்பத்துக்காக ஒருத்தியை ஒதுக்கிறது பொம்பிளை எண்டு ஒதுக்கிறதுதான் எண்டு தீர்ப்புக் குடுத்தது. விடு விடு எண்டு வீட்டில சொன்னதைக் கேட்டு அந்த மனுசியளும் விட்டிருந்தா இண்டைக்கு இந்தத் தங்கச்சிக்கு கேக்கிறதுக்கே ஒண்டும் இருந்திராது.

கிங்ஸ்ரன் ரோட்

தோணி, அந்த மனுசியில எனக்கு பெரிய மரியாதை. ஆனா ஆறு மாச வயித்தோட இருக்கிற பிள்ளையை நாட்டுக்காக சண்டை பிடி எண்டு தள்ளிவிடாதேங்கோ. என்ர மனுசிக்கு ரெண்டாவது பிள்ளை வயித்தில இருக்கேக்க நாங்களும் ஒரு இடத்தோட இழுபட்டனாங்கள், இரவில நித்திரை இல்லை, பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில வைச்சிருந்தவை. காசு பிறகும் உழைக்கலாம்.

சண்டை பிடிக்கிறதெண்டா பலன் வாற இடத்தில பிடிக்கட்டும். ஒன்ராறியோ ஹியூமன் ரைட்ஸ் ரிபியூனல், பாகுபாடு காட்டின வழக்குகளைக் கேக்கிற இடம். அங்க கர்ப்பம்தான் ஒரே காரணம் எண்டு காட்டத் தேவையில்லை, காரணங்களில ஒண்டு எண்டு காட்டினாக் காணும். நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடலாம், பிள்ளை பிறந்து கொஞ்சம் மூச்சு விட்டிட்டும் போடலாம். கர்ப்பம் எண்டு சொன்னாப் பிறகுதான் வார்னிங் வந்தது எண்ட கதை அங்கதான் எடுபடும்.

மழைக்காலம்

அண்ணை, நீங்கள் பட்டது விளங்குது, உண்மையாவே கவலையா இருக்கு. ஹியூமன் ரைட்ஸில நீங்கள் சொன்னது முழுக்கச் சரி, போடத்தான் வேணும், அதுக்கு ஹியூமன் ரைட்ஸ் லீகல் சப்போர்ட் சென்ரர் எண்டு இருக்கு, காசு எடுக்க மாட்டினம். ஆனா இது ரெண்டும் ஒண்டுக்கொண்டு எதிரில்லையே, ரெண்டும் ஒண்டா ஓடலாம். அதோட அந்தப் பக்கம் காலம் இழுக்கும், கைக்கு காசு உடன வராது.

ஈஐ பக்கம் முதல்படி கோர்ட்டே இல்லை. ரீகன்சிடரேஷன் எண்டு ஒரு ஃபோர்ம், சேர்விஸ் கனடாவுக்குத்தான் போகுது, வேற ஒரு ஒஃபிசர் திரும்ப எடுத்துப் பாப்பார், தங்கச்சிக்கும் கோல் வரும், கம்பெனிக்கும் கோல் போகும். அதிலயும் மறுத்தா சோஷல் செக்யூரிட்டி ரிபியூனல், அதுக்கும் காசில்லை, ஃபோனிலயே கதைக்கலாம், தமிழ் இன்ரப்பிரற்றர் கேட்டா அவையே ஒழுங்கு செய்து தருவினம். அந்தக் கட்டத்தில கமிஷன் முழு ஃபைலையும் உங்களுக்கு அனுப்ப வேணும், கம்பெனிக்காரன் ஃபோனில என்ன சொன்னான் எண்டு ஒஃபிசர் எழுதி வைச்சது உட்பட. வார்னிங் லெற்றரில ஒண்டு எழுதி, ஃபோனில வேற ஒண்டு சொல்லியிருந்தா அங்க பிடிபடும். அந்தத் தாளை ஹியூமன் ரைட்ஸுக்கு போடேக்கையும் கையில வைச்சிருக்கலாம்.

கிங்ஸ்ரன் ரோட்

ஃபைல் விஷயம் எனக்குத் தெரியாது. அது பிரயோசனமானதுதான். எண்டாலும் ரிபியூனல் வரை இழுக்காமல் ரீகன்சிடரேஷனோட நிப்பாட்டினா எனக்கு சம்மதம்.

புதுவீட்டுக்காரி

கம்பெனியால ஒரு பேப்பர் அனுப்பியிருக்கினம், கொஞ்சக் காசு தருவினமாம், இனி ஒரு கேஸும் போட மாட்டன் எண்டு கையெழுத்து வைக்க வேணுமாம், ஆர்ஓஈ கோட்டையும் மாத்தித் தருவினமாம். அதை வைச்சா ஈஐ தானா வருமோ?

ஷிஃப்ட் லீட்

மேடம் தயவுசெஞ்சு அதுல கையெழுத்து போடாதீங்க. நான் கம்பெனி பக்கம் பேசுறவன் தான், நானே சொல்றேன். காசு கொடுத்து கேஸ் வேண்டாம்னு கேக்கறாங்கன்னா அவங்களுக்கே எங்கயோ உறுத்துதுன்னு தானே அர்த்தம்.

மழைக்காலம்

கோட் மாறினா உதவும், ஆனா தானா வராது. ஏன் நிப்பாட்டினவை எண்டு ஈஐக்காரர் தாங்களாப் பாத்துத்தான் முடிவெடுப்பினம், ரெண்டு பேர் கூடி எழுதின ஒப்பந்தம் அவையைக் கட்டாது. அந்தப் பேப்பரை கொம்யூனிட்டி லீகல் கிளினிக்கில காட்டாமல் பேனையே எடுக்காதேங்கோ, அதில வைச்சா ஹியூமன் ரைட்ஸ் கதவு பூட்டுப்படலாம்.

ரீகன்சிடரேஷனுக்கு முடிவு தெரிஞ்சதில இருந்து 30 நாள்தான். டொக்டர் துண்டு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்காதேங்கோ, ஃபோர்மை முதல் அனுப்புங்கோ, துண்டு பிறகு வரும் எண்டு அதிலயே எழுதலாம். மெசேஜ் எல்லாத்தையும் திகதியும் நேரமும் தெரியிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஈமெயிலுக்கு அனுப்பி வைங்கோ, ஃபோன் உடைஞ்சா போச்சு. பெருவிரல் போட்டதையும் விடாதேங்கோ, அவர் வாசிச்சவர் எண்டதுக்கு அதுதான் சாட்சி.

புதுவீட்டுக்காரி

ஃபோர்ம் எடுத்திட்டன் அக்கா. "ஏன் இந்த முடிவோட உடன்படேல்லை" எண்டு ஒரு பெட்டி இருக்கு, அதுக்கு இங்கிலிஷில எழுதித் தர ஆரும் இருக்கிறியளோ?

ஷிஃப்ட் லீட்

நீங்க தமிழ்ல எழுதி எனக்கு மெசேஜ் அனுப்புங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சதும் உக்காந்து எழுதித் தரேன். லேட் ஆனதை மறைக்காம எழுதுங்க, ஒவ்வொரு லேட்டுக்கும் பக்கத்துல அன்னைக்கு போட்ட மெசேஜ் இருக்கணும்.