பொருள்: ‘நான்-இன்ஃபீரியாரிட்டி’ ஆய்வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அஸ்தம்பட்டியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவ ஆய்வு முடிவுகளை ஒரு பக்கத்துக்குள் தமிழில் சுருக்கிக் கொடுக்கும் வேலையில் நான் இருப்பது இங்கே பலருக்குத் தெரியும். பிளசிபோவுக்குப் ‘போலி மருந்து’ சரியா ‘வெற்று மருந்து’ சரியா என்று மூன்று வாரம் அடித்துக்கொண்டோமே, அதைவிடப் பெரிய முள் இப்போது தொண்டையில் நிற்கிறது.

இப்போது வரும் ஆய்வுகளில் நிறைய, புது மருந்து பழையதை ஜெயித்ததா என்று பார்ப்பதே இல்லை. புதியது விலை குறைவாக இருக்கும், அல்லது சீக்கிரம் முடியும், அல்லது ஊசி இல்லாமல் மாத்திரையாக இருக்கும். அந்த வசதிக்காகப் பலனில் அதிகம் இழந்துவிடவில்லையே என்பதுதான் அவர்கள் கேள்வி. 2024 கடைசியில் வந்த பேலன்ஸ் ஆய்வைப் பாருங்கள். ரத்தத்தில் பாக்டீரியா கலந்து படுத்த 3,608 நோயாளிகள். பாதிப் பேருக்கு ஆன்டிபயாடிக் 7 நாள், மறுபாதிக்கு 14 நாள். 90 நாளுக்குள் இறந்தவர்கள் 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். பார்த்தால் 7 நாள்தான் மேல் போலத் தெரிகிறது. ஆனால் ஆய்வாளர்கள் அப்படிச் சொல்லவில்லை. ‘நான்-இன்ஃபீரியர்’ என்று மட்டும் சொன்னார்கள். அதாவது, 7 நாளில் நிறுத்துவதால் இறப்பு 4 சதவீதப் புள்ளி அளவுக்குக் கூடிவிடாது என்பது உறுதி. அந்த 4 என்ற எண்ணை ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைத்திருந்தார்கள்.

நான் முதலில் ‘இரண்டும் சமம்’ என்று எழுதிவிட்டேன். அது தப்பு. சமம் என்று காட்டுவது வேறு வகை ஆய்வு, அதில் ரொம்ப மேலும் இல்லை, ரொம்பக் கீழும் இல்லை என்று இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அப்புறம் ‘தாழ்வின்மை ஆய்வு’ என்று மாற்றினேன். மெய்ப்புப் பார்த்தவர் போன் போட்டு, “இது மனநலப் பக்கத்துக்குப் போக வேண்டியதா?” என்று கேட்டார். தாழ்வு மனப்பான்மை பற்றிய ஆய்வு என்று நினைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆக இரண்டு சொல் வேண்டும். ஒன்று ஆய்வு வகைக்கு. இன்னொன்று, முன்பே எழுதி வைக்கிறார்களே அந்த 4 புள்ளி, அதற்கு. ஆங்கிலத்தில் மார்ஜின் என்கிறார்கள். ‘விளிம்பு’ என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள், கோடு போட்ட நோட்டுதான் கண்முன் வருகிறது.

குகையிலிருந்து:

‘குறைவின்மை ஆய்வு’? இல்லாவிட்டால் ‘பின்தங்காமை’?

அஸ்தம்பட்டியிலிருந்து:

குறைவின்மை என்றால் ஒரு குறையும் இல்லாதது என்றாகிவிடும் தம்பி. மருந்துக் கம்பெனிக்காரர்களுக்கு விளம்பரம் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும். ‘பின்தங்காமை’ பரவாயில்லை. ஆனால் ஓட்டப்பந்தய வாசனை.

ஆத்தூரிலிருந்து:

அம்மா, முப்பது வருடம் தமிழ் வகுப்பெடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பெயர்ச்சொல்லைப் பிடித்து வாலில் ‘இன்மை’ ஒட்டுவது நம் கலைச்சொல்காரர்களுக்கு வந்த நோய். ஊரில் ஜனங்கள் இந்தக் கருத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். அண்ணன் கெட்டிக்காரன், தம்பி எப்படி என்று யாராவது கேட்டால், “தம்பியும் அண்ணனுக்குச் சளைத்தவனல்ல” என்போம். அண்ணனை மிஞ்சிவிட்டான் என்று அதற்குப் பொருளில்லை. இருவரையும் நிறுத்துப் பார்த்தோம், சரியாக ஒரே எடை என்றும் பொருளில்லை. பக்கத்தில் நிறுத்தினால் கூச்சப்படும்படி இல்லை, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் ஆய்வும் இதைத்தானே கேட்கிறது? ‘சளைக்காமை’ என்று வையுங்கள்.

மேலானது என்று காட்டும் ஆய்வுக்கு ‘விஞ்சல்’, சமம் என்று காட்டுவதற்கு ‘நிகர்மை’. மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

குகையிலிருந்து:

ஐயா, எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். ‘சளைக்காமல் உழைத்தார்’ என்றால் அலுக்காமல் உழைத்தார் என்று அர்த்தம். ‘சளைக்காமை ஆய்வு’ என்று போட்டால், சோர்வு வராமல் இருக்க டானிக் கொடுத்துப் பார்த்தார்கள் போல என்று படிப்பார்களே.

ஆத்தூரிலிருந்து:

நல்ல கேள்வி. நான்காம் வேற்றுமை வந்தால் பொருள் திரும்பிவிடும். ‘சளைக்காமல்’ என்று தனியே நின்றால் அலுப்பில்லாமை. ‘அதற்குச் சளைக்காதது’ என்று ‘கு’ உருபு சேர்ந்தால் ஒப்பீடு. ஆகவே முதல் தடவை எழுதும்போது எதற்குச் சளைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிட வேண்டும். அது மொழிக்கும் நல்லது, மருத்துவத்துக்கும் நல்லது என்று நினைக்கிறேன். எதனோடு ஒப்பிட்டார்கள் என்று சொல்லாமல் மருந்துச் செய்தி எழுதுவதே தவறல்லவா?

ஏற்காட்டிலிருந்து:

நான் மருத்துவன், இலக்கணம் பேச மாட்டேன். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பொருத்தமான பழைய ஆய்வு ஒன்று நம் மாநிலத்திலேயே நடந்தது.

காசநோய் வந்தால் மலைக்காற்று, ஓய்வு, பால், முட்டை என்று சானடோரியத்தில் சேர்ப்பதுதான் ஒரு காலத்து வழக்கம். எங்கள் மலையில் வயதானவர்கள் இன்றைக்கும், “இந்தக் காத்துக்கே நெஞ்சுச் சளி போயிரும் டாக்டர்” என்பார்கள். 1956இல் சென்னையில் ஒரு காசநோய் சிகிச்சை மையம் தொடங்கினார்கள் (இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சிதான்). அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடையாது, ஓய்வு கிடையாது, நெருக்கடியான வீடு. 1959இல் முடிவு வந்தது. வருடக் கடைசியில் கிருமி அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை.

அந்த 6 புள்ளியைத்தான் கவனிக்க வேண்டும். வீடு சானடோரியத்தை விஞ்சவில்லை, நிகரென்றும் சொல்ல முடியாது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு எங்கே அத்தனை கட்டில்? கட்டிலுக்குக் காத்திருந்தே செத்துப்போவதற்கு வீட்டில் 86 எவ்வளவோ மேல். உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சை வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு வேடிக்கை. நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவு சின்ன எண்ணிக்கையில் நம்பிக்கை இடைவெளி (உண்மையான வித்தியாசம் எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்ற கணக்கு) ரொம்ப அகலம். உண்மையான வித்தியாசம் 15 புள்ளி வரைகூட இருந்திருக்கலாம். இன்றைய வழக்கப்படி 10 புள்ளியை மார்ஜினாக வைத்திருந்தால் இந்த ஆய்வு தேறியிருக்காது! ஆகவே ஆத்தூர் ஐயாவின் சொல்லை ஏற்கிறேன். ஆனால் எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதைச் சொல்லும் இரண்டாவது சொல் இல்லாமல் முதல் சொல்லுக்கு உயிரில்லை.

எலும்பு, மூட்டுத் தொற்றில் ஒவீவா என்ற பிரிட்டன் ஆய்வு 2019இல் வந்தது. 1,054 பேர். முதல் ஆறு வாரம் ஒரு பிரிவுக்கு நரம்பு வழி மருந்து, ஒரு பிரிவுக்கு வாய்வழி மாத்திரை. ஒரு வருடத்துக்குள் சிகிச்சை தோற்றது ஊசிப் பிரிவில் 14.6 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 13.2 சதவீதம். பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்த அளவு 7.5 புள்ளி. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, கூலியை விட்டுவிட்டு, ஆறு வாரம் டிரிப் ஏற்றிக்கொண்டு சேலத்தில் கிடக்க வேண்டிய காபித் தோட்டத் தொழிலாளியிடம் இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள். புள்ளி கணக்கு அவருக்கு உடனே புரியும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

ரொம்ப நாளாகச் சும்மா படித்துக்கொண்டிருப்பவன், இன்று வாய் திறக்கிறேன். நான் வெள்ளிக் கொலுசுத் தொழில். நீங்கள் தேடும் இரண்டாவது சொல் எங்கள் பட்டறையில் தினமும் புழங்குகிறது: சேதாரம்.

வியாபாரி கட்டி வெள்ளி கொடுப்பார். அதை உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, ராவி, மெருகு போட்டுக் கொலுசாகத் திருப்பிக் கொடுக்கும்போது கொடுத்த எடை வராது. புகையில் கொஞ்சம், ராவிய தூளில் கொஞ்சம் போகும். கொலுசு வேண்டுமென்றால் அதைப் பொறுக்கத்தான் வேண்டும். ஆனால் கிலோவுக்கு எத்தனை கிராம் என்று கட்டி கைமாறும்போதே பேசிவிடுவோம். வேலை முடிந்த பிறகு, “இவ்வளவு போச்சுங்க” என்று புதுசாக ஒரு கணக்குச் சொன்னால் அடிதடிதான். அம்மா முதல் மடலில், ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைப்பார்கள் என்றாரே, அங்கேயே எனக்குப் பொறி தட்டியது.

ஏற்காட்டிலிருந்து:

அண்ணே, அருமை! ஒரே ஒரு திருத்தம். சேதாரம் என்பது போன அளவு. நமக்கு வேண்டியது போகலாம் என்று அனுமதித்த உச்ச அளவு. ஒவீவாவில் மாத்திரைப் பக்கம் உண்மையில் ஒன்றுமே போகவில்லை, ஆனாலும் 7.5 என்ற எல்லை இருந்தது. அதனால் ‘சேதார வரம்பு’.

இன்னொன்றும் உண்டு. வழக்கமான ஆய்வை அரைகுறையாக நடத்தினால் நல்ல மருந்தும் தோற்றுப்போகும். இந்த வகையில் தலைகீழ். பாதிப் பேர் மாத்திரையே விழுங்கவில்லை என்றால் இரண்டு பிரிவும் ஒரே மாதிரி தெரியும், புதியது சுலபமாகத் தேறிவிடும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

முள் அசையாத தராசில் எல்லாக் கொலுசும் ஒரே எடைதான் டாக்டர். வரம்பு சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து:

இரண்டு நாளாக இந்தச் சொற்களை வைத்து, கையில் இருந்த சுருக்கங்களை எழுதிப் பார்த்தேன். சுலபமானது முதலில்: ஷைன் ஆய்வு, 2022. இந்தியா உட்பட நான்கு நாடுகளில், கடுமையாகாத காசநோய் உள்ள 1,204 குழந்தைகள். “நான்கு மாத மருந்து ஆறு மாத மருந்துக்குச் சளைக்காதது என்று இந்த ஆய்வு காட்டியது. முன்கூட்டி வைத்த சேதார வரம்பு 6 புள்ளி. இரண்டு பிரிவிலும் சிகிச்சை பலிக்காதவர்கள் 3 சதவீதமே.” மெய்ப்புப் பார்ப்பவருக்கே அனுப்பினேன். இந்தத் தடவை போன் வரவில்லை.

தேறாத ஆய்வில்தான் சொல்லின் பலம் தெரியும் என்று தோன்றியது. பிரான்சில் நடந்த அபிஸ், 2024. மாரடைப்பு வந்து ஆறு மாதமாவது கடந்து, நன்றாக இருக்கும் 3,698 பேர். இதயத் துடிப்பின் வேகத்தைத் தணிக்க அவர்கள் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை நிறுத்திவிடலாமா என்பது கேள்வி. சேதார வரம்பு 3 புள்ளி. மரணம், மறுபடி மாரடைப்பு, பக்கவாதம், இதயக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாம் சேர்த்து, நிறுத்தியவர்களில் 23.8 சதவீதம், தொடர்ந்தவர்களில் 21.1 சதவீதம். வித்தியாசம் 3ஐத் தொடவில்லையே, தேறியிருக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் நம்பிக்கை இடைவெளியின் மேல்முனை 5.5 வரை போகிறது. வரம்பைத் தாண்டவில்லை என்று உறுதி சொல்ல முடியவில்லை.

இதை எப்படி எழுதுவது? ‘நிறுத்துவது சளைத்தது’ என்று முதலில் எழுதி உடனே அடித்தேன். சளைக்கவில்லை என்று காட்ட முடியாமல் போவதும், சளைத்துவிட்டது என்று காட்டுவதும் ஒன்றல்ல. “மாத்திரையை நிறுத்துவது, தொடர்வதற்குச் சளைக்காதது என நிறுவ முடியவில்லை” என்று முடித்தேன். நீளம்தான். ஆனால் தானாக மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்கும் ஒருவருக்கு இதைப் படித்தால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்றாவது தோன்றும். ‘தாழ்வின்மை நிறுவப்படவில்லை’ என்று எழுதியிருந்தால் எனக்கே இரண்டு முறை படிக்க வேண்டியிருந்திருக்கும்.

அதனால் என் பட்டியலில் இப்படி ஏற்றிவிட்டேன்: விஞ்சல் ஆய்வு, நிகர்மை ஆய்வு, சளைக்காமை ஆய்வு, சேதார வரம்பு. ‘நிகர்மை’ எனக்கு இன்னும் முழுதாக ஒட்டவில்லை, ‘சமநிலை’யே போதும் என்று ஒரு மனம் சொல்கிறது. ஆத்தூர் ஐயா கோபிக்க வேண்டாம்.

பாக்கி ஒன்று இருக்கிறது. முதல் மருந்துக்கு இரண்டாவது மருந்து கொஞ்சம் குறைவு, ஆனால் வரம்புக்குள். அந்த இரண்டாவதோடு ஒப்பிட்டு மூன்றாவது வரும், அதுவும் கொஞ்சம் குறைவு, அதுவும் வரம்புக்குள். இப்படியே போனால் ஒரு நாள் வெற்று மருந்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் பயோகிரீப் என்கிறார்கள். இதற்கும் ஒரு சொல் வேண்டும்.

குகையிலிருந்து:

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதை! ‘கட்டெறும்புத் தேய்வு’ என்று வைத்துவிடலாமா அக்கா?

ஆத்தூரிலிருந்து:

சிரித்துவிட்டேன். ஆனால் யோசிக்க யோசிக்கத் தப்பாகவும் தெரியவில்லை. பட்டியலில் ‘படித்தேய்வு’ என்று போடுங்கள். விளக்கத்தில் கட்டெறும்பு இருக்கட்டும். ‘சமநிலை’க்குக் கோபமில்லை, ஆனால் அது தராசு அசையாமல் நிற்பதைச் சொல்லும் சொல். செவ்வாய்ப்பேட்டைக்காரரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.