பதினோராவது குவளையில் இருந்தது மதுவா, கட்டன் சாயாவா?

தக்கலைக்காரன்:
எங்கள் ஊர் வாசகசாலைப் பலகையில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் 'வீட்டாரோடு பார்க்கலாமா?' என்ற தலைப்பில் மாதந்தோறும் திரைப்பட விமர்சனம் எழுதி ஒட்டுகிறார்கள். ஓணத்துக்கு வந்த ஒரு மலையாளப் படத்தைப் பற்றிச் சென்ற வாரம் ஒட்டிய தாளில், "மது அருந்தும் காட்சிகள் 11, பாட்டியோடும் தங்கச்சியோடும் போக வேண்டாம்" என்று ஒரு மாணவன் தீர்ப்பு எழுதியிருக்கிறான். அப்படத்தை மார்த்தாண்டத்தில் இருமுறை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காட்சிகள் 10 மட்டுமே. மழையில் நனைந்து வந்த மாமனார் திண்ணையில் அமர்ந்து கண்ணாடிக் குவளையில் குடிப்பதைத்தான் அவன் பதினோராவதாக எண்ணியிருக்கிறான். அது பால் சேர்க்காத கட்டன் சாயா. சாயாவுக்கும் சாராயத்துக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளையிடம் விமர்சனத்தை ஒப்படைத்தவர்கள் யார்?

குமரித்தென்றல்:
அவன் என் அண்ணன் மகன். படம் பார்க்கும்போது பக்கத்து இருக்கையில் இருந்தவள் நான். திரையின் அடியில் எச்சரிக்கை வரி வரும்போதெல்லாம் நுழைவுச்சீட்டின் பின்புறம் பென்சிலால் ஒரு கோடு போட்டான், ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்தான். அப்படி இரண்டு கட்டும் ஒரு கோடும் சேர்ந்தால் எத்தனை என்று தாங்களே கூட்டிப் பாருங்கள், அண்ணாச்சி.

தக்கலைக்காரன்:
கூட்டல் எனக்கும் வரும், தங்கச்சி. அந்தக் குவளையிலிருந்து ஆவி பறந்தது. ரம்மில் ஆவி பறக்குமா? மேலும், எச்சரிக்கை வரி மலையாளத்தில் வந்தது. பையனுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியுமா?

குமரித்தென்றல்:
தெரியும். 1956 நவம்பர் 1 அன்று இந்தக் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன்பே மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த அவன் பாட்டிதான் அவனுக்கு எழுத்துகளைக் கற்றுக்கொடுத்தார். 'பாட்டியோடு போக வேண்டாம்' என்று அவன் எழுதியது அதே பாட்டியை நினைத்துத்தான். அவர் கணவர் குடியால் போனவர். இதற்குமேல் விளக்க எனக்கு விருப்பமில்லை.

வடசேரி வாசகன்:
ஆவி இருக்கட்டும். அந்தப் படத்துக்குக் கிடைத்த தணிக்கைச் சான்றிதழ் 'யுஏ 13+' என்பதை இருவருமே பேசவில்லை. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தில், பெற்றோர் வழிகாட்டலோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்னும் 'யுஏ' பிரிவு 1983இல் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தது. ஆனால் அந்த வயதுக்குறி பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை மட்டுமே என்பதால், திரையரங்க வாசலில் நிற்பவர் அதைக் காட்டிப் பிள்ளைகளைத் தடுக்க முடியாது. முடிவெடுக்க வேண்டிய பெற்றோருக்கோ, படத்தில் என்ன இருக்கிறது என்பது உள்ளே போய் அமர்ந்த பிறகுதான் தெரிகிறது. எல்லோரும் பார்க்கலாம் என்னும் 'யு' சான்றிதழ் பெற்ற தமிழ்ப் படங்களுக்கு மட்டுமே இங்கு வரிவிலக்கு என்றிருந்த காலத்தில், வசையை ஊமையாக்கி 'யு' வாங்கிய ஒரு படத்துக்கு மகளை அழைத்துச் சென்று, பாதியில் வெளியேறி முறுக்கு தின்றுகொண்டு நின்றவன் நான். அன்று இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் 300 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

தக்கலைக்காரன்:
சட்டம் படித்தவர் சாயாவைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மலையாளப் படம் என்றாலே நாகர்கோவில்காரர்கள் குறை தேடுவார்கள் என்பது விளவங்கோட்டில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் கேட்டது ஒன்றே: ஆவி பறந்ததா, இல்லையா?

வடசேரி வாசகன்:
தக்கலை எப்போது விளவங்கோட்டில் சேர்ந்தது? அது கல்குளம் வட்டம். உங்கள் ஊர் எந்த வட்டம் என்பதை முதலில் எண்ணிவிட்டு, பிறகு குவளைகளை எண்ணுங்கள்.

பழைய செயலாளர்:
அந்த வாசகசாலையில் ஆறு ஆண்டுகள் செயலாளராக இருந்தவன் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. எண்ணிக்கை விமர்சனம் ஆகாது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிட்டு, பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கிறார்கள். அங்கே கதை, நடிப்பு, ஒளிப்பதிவு ஆகியவற்றைப் பேசச் சொல்கிறார்களே தவிர, புட்டிகளை எண்ணச் சொல்வதில்லை. நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் குடியின் கேட்டைச் சிரிக்க வைத்தே சொன்னார். இந்தப் பிள்ளைகள் அவர் படத்தைப் பார்த்தாலும் கோடு போட்டு எண்ணி, 'போக வேண்டாம்' என்றுதான் எழுதுவார்கள். பிள்ளைகளுக்கு முதலில் விமர்சனப் பயிற்சி கொடுங்கள் என்று நான் பொதுக்குழுவில் சொன்னபோது சிரித்தவர்கள் இப்போது எங்கே? குவளையைப் பொறுத்தவரை, இருவருமே தவறு. மாமனாரின் மறு கையில் பீடி இருந்தது. எச்சரிக்கை வரி புகைக்கும் குடிக்கும் சேர்த்தே வருகிறது. அங்கே அது பீடிக்காக வந்தது.

குமரித்தென்றல்:
பீடி அதற்கு முந்தைய காட்சியில் இருந்தது, ஐயா. பொதுக்குழுவில் தங்களைப் பார்த்துச் சிரித்ததற்குக் காரணம் பயிற்சித் திட்டம் அன்று. இரண்டு ஆண்டுக் கணக்கைக் காட்டாமல் பயிற்சிக்குப் பணம் கேட்டீர்கள்.

பழைய செயலாளர்:
கணக்குப் புத்தகம் இன்றும் அலமாரியில் இருக்கிறது. சாவி இப்போதைய நிர்வாகத்திடம் இருக்கிறது.

தக்கலைக்காரன்:
பீடியாக இருந்தால் எனக்கு இன்னும் நல்லது, ஏனெனில் குவளையில் மது இல்லை என்பதைப் பழைய செயலாளரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆகவே 10.

பழைய செயலாளர்:
நான் அப்படி ஒப்புக்கொள்ளவில்லை. ஆவி என்று தாங்கள் கண்டது பீடிப் புகை.

வடசேரி வாசகன்:
10 என்றால் பாட்டியை அழைத்துச் செல்லலாம், 11 என்றால் கூடாது என்று எந்த ஊரில் விதி இருக்கிறது?

தக்கலைக்காரன்:
விதியைப் பற்றி நான் பேசவில்லை, சாயாவைப் பற்றிப் பேசுகிறேன்.

குமரித்தென்றல்:
இன்று மாலை பலகையைப் பார்த்தேன். யாரோ 11ஐ அடித்துவிட்டு, நீல மையில் 10 என்று எழுதியிருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளை இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய தாளில் கைவைப்பதற்கு எத்தனை துணிச்சல் வேண்டும்? எழுதியவர் யார் என்பது இந்த இழையை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும்.

தக்கலைக்காரன்:
நான் கறுப்பு மைப் பேனாதான் வைத்திருக்கிறேன். ஆனால் எழுதியவர் படத்தைக் கவனமாகப் பார்த்தவர்.

பழைய செயலாளர்:
பலகைக்குக் கண்ணாடிக் கதவு போட வேண்டும் என்றும் நான்தான் முன்பே சொன்னேன்.