ஆடுற பிள்ளைகளுக்கு மரியாதை: மேடை அமைப்பிலயா, முதலாளிட கணக்கிலயா?

வெள்ளவத்தை வாசன்: ஸ்ட்ரிப் கிளப்ல, அதான் வளர்ந்த பொம்பிளைப்பிள்ளைகள் உடுப்பைக் கழட்டி ஆடுற இடத்தில, மரியாதை கெடுறது இட அமைப்பால. மேடை முழங்கால் உயரம், முன்வரிசைக் கதிரை மேடையோட ஒட்டி, வெளிச்சம் பிள்ளையில மட்டும். கை நீட்டுறவன் இருட்டுக்குள்ள. மும்பை டான்ஸ் பார் வழக்கில இந்திய உச்ச நீதிமன்றம் 2016இல 3 அடி கம்பித் தடுப்பு, அதுக்கும் கதிரைக்கும் 5 அடி இடைவெளி எண்டு கேட்டது சும்மா இல்ல. 2019இல டிப்ஸ் குடுக்கலாம், நோட்டை மேல வீசக்கூடாது எண்டது.

ஆமர்வீதி அக்கா: தம்பி, கம்பி மேடைக்குத்தானே? அமெரிக்க கிளப்கள்ல உழைப்பு, ஒரு வாடிக்கையாளனுக்கு மட்டும் ஆடுற தனி நடனத்தில. அங்க கன இடத்தில ஆடுறவதான் கிளப்புக்கு வாடகை கட்டுறது. 100 டொலர் எண்டு வைங்க. டீஜேக்கு, பவுன்சருக்குப் பங்கு வேற, பிந்தினா தண்டம். முதல் பாட்டுக்கு முந்தியே கடன். வெறிகாரன் இடுப்பில கை வச்சாலும் பவுன்சரைக் கூப்பிட யோசிப்பா, அந்தப் பாட்டுக்காசு போயிடும். பக்கத்து மேசைக்காரனும் அதைப் பார்த்துத்தான் பழகுறான்.

வாசன்: அப்ப குடி? அதை ஏன் விட்டீங்க?

அக்கா: விடல்ல. வாஷிங்டன் மாநிலத்தில இப்படியான கிளப்கள்ல மதுவே இல்லாமத்தான் இருந்தது. பார் வருமானம் இல்லாத முதலாளி, பிள்ளைகள்ட்ட வாடகையா கறந்தான். 2024 சட்டத்தில மதுவுக்கு வழி விடச் சொல்லிக் கேட்டதே ஆடுறவங்கதான். அதே சட்டத்தில வாடகை 150 டொலர் அல்லது உழைப்பில 30%, எது குறைவோ அது. கட்டாத மீதியை அடுத்த இரவுக்குக் கொண்டுபோக ஏலாது. தனி நடன இடத்தில அவசரப் பொத்தானும் வேணும்.

இடைவெளி எண்டீங்களே. சான் பிரான்சிஸ்கோவில லஸ்டி லேடி எண்ட கிளப்பில ஆடுறவக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில முழுக் கண்ணாடி இருந்தது, தொடவே ஏலாது. ஆனா பார்க்கிறவன் இருக்கிற சில கூண்டுகள்ல ஒருபக்கக் கண்ணாடி. ஆடுறவக்கு வாடிக்கையாளனைத் தெரியாது, அவன் ஒளிச்சு வீடியோ எடுத்தான். நிர்வாகம் கணக்கெடுக்கல்ல. 1996இல தொழிற்சங்கத்துக்கு வாக்களிச்சாங்க, அந்தச் சங்கப் போராட்டத்திலதான் கண்ணாடி போச்சு.

வாசன்: சரி, கண்ணாடியும் அமைப்புத்தானே அக்கா! நான் சொன்னதுதான். வேலை செய்தவங்களே அந்தக் கிளப்பை 2003இல கூட்டுறவா வாங்கியும் 2013இல மூடினதும் தெரியும்.

அக்கா: கண்ணாடியைக் கழட்ட வச்சது சங்கம், தச்சன் இல்ல.

மட்டக்குளி மாமா: ரெண்டு பேரும் சீமைக்கே போயிட்டீங்க. கொழும்பு நைட் கிளப், கரோக்கேயில ரெய்ட் வந்தா 1841ஆம் ஆண்டு அலைந்து திரிவோர் சட்டத்தில ஏத்துறது பிள்ளையை. வேலை செய்தா எண்டு காட்ட நியமனக் கடிதம் கூட கையில இல்ல. முதலாளி போடவேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12%, ஊழியர் நம்பிக்கை நிதி 3%, ரெண்டுக்கும் பேர் பதிஞ்சிருந்தா பொலிசிட்ட நீட்ட ஒரு கடதாசியாவது இருக்கும்.

வாசன்: பதிஞ்சா ஊரில பேர் தெரியவருமே மாமா. எத்தின பிள்ளைகள் அதுக்கு ஓம் எண்டு சொல்லுவாங்க?