வேகப் பகிடிப் பாட்டு மேடையில் விளங்க வேணும்: எப்பிடிக் கட்டலாம்?

முறிகண்டியான்:
கிளிநொச்சியில் மேடையேறப் போற இசை நாடகத்துக்கு ஒரு பகிடிப் பாட்டு வேணும். மாதிரி, ஆங்கில இசை நாடகக்காரர் கில்பேர்ட்டும் சலிவனும் 1879இல் மேடையேற்றிய ‘பைரட்ஸ் ஒவ் பென்சான்ஸ்’இல் வாற மேஜர் ஜெனரலின் பாட்டு. சரித்திரம், கணிதம், நுண்ணுயிர் எல்லாம் தெரியும் என்று அடுக்குவார். இந்தக் காலத்துப் போர்முறை மட்டும் தெரியாது. எங்கட பாத்திரம் கமத்தொழில் அதிகாரி. வேகம் கூட்டினால் சொல் விளங்குதில்லை, குறைத்தால் சிரிப்பு வருகுதில்லை. ஆர்மோனியம், மிருதங்கம், பிற்பாட்டுக்கு 6 பேர் இருக்கினம்.

தண்ணீரூற்று:
அந்தப் பாட்டில் வரிக்கு 16 அசை. தமிழில் புள்ளி வைச்ச மெய்யெழுத்தை விட்டு எழுத்தெண்ணி 16 வைச்சால் நாலு ‘தகதிமி’க்குள் அடங்கும்.

உழவினது வரலாறு முழுதும் படித்தவன்
மழையினது கணக்கேடு விரலில் பிடித்தவன்
விதைப்பதெந்தப் போகமென்று கேட்டாலே முழிப்பவன்

முதல் இரண்டு வரியும் பெரும்பாலும் குறில். நெடில் 8ஆம் எழுத்தில்தான் விழுகுது, அதாவது பாதி வரி முடியிற இடம். நெடில் கண்ட இடமெல்லாம் வந்தால் வாய் பின்தங்கும், தாளம் ஓடிவிடும். சொல் குழம்பிறதுக்கு முதல் காரணம் இதுதான். மூன்றாம் வரியில் ‘கேட்டாலே’ என்று மூன்று நெடிலை வேணுமென்றே அடுக்கியிருக்கு. வேகம் தானாகவே தடக்கும், பகிடி அங்கே விழும். காலபோகமும் சிறுபோகமும் தெரியாத அதிகாரியைக் கண்டால் எங்கட சனம் சிரிக்காமல் இராது.

எதுகை மட்டும் போதாது. வேகத்தில் காது பிடிக்கிறது வரிக் கடைசியில் ஒரே ஒலி வாற இயைபைத்தான். மேஜர் ஜெனரல் ஓரிடத்தில் இயைபு அகப்படாமல் நின்று யோசிப்பார், பிடிபட்டதும் பாய்வார். இரண்டாம் சரணத்தில் அதை வையுங்கோ.

மாங்குளத்தான்:
தம்பி, மெட்டுக்கு முதல் வாய்ப்பாடமாகச் சொல்லிப் பழக்குங்கோ. ஒரு அட்சரத்துக்கு, அதாவது ஒரு தாளத் தட்டுக்கு, 4 எழுத்து, நிமிடத்துக்கு 60 அட்சரத்தில் தொடங்கி, ஒரு எழுத்தும் விழுங்காமல் வந்தால் மட்டும் 5 கூட்டுங்கோ. 90 வந்தால் செக்கனுக்கு 6 எழுத்து, அது போதும். இரண்டு வரிக்கு ஒரு மூச்சு. பாடுறவர் எங்கே மூச்செடுப்பது என்று கொப்பியில் குறிக்க வேணும். வேட்டிக்கு மேல் இடுப்புப்பட்டி இறுக்கினால் மூச்சு வயிற்றுக்கு இறங்காது, கவனம்.

ஆர்மோனியம் சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நின்றால் போதும், மெட்டை இரட்டிக்க வேண்டாம். மிருதங்கம் ஒரே நடை. தீர்மானம், அதாவது முடிப்புச் சொற்கட்டு, சரணக் கடைசியில் மட்டும். கடைசித் துண்டை பிற்பாட்டுக்காரர் மூன்று தரம் திருப்பட்டும். மூலத்திலும் அப்படித்தான், காத்தவராயன் கூத்துப் பார்த்து வளர்ந்த சனத்துக்கும் இது பழக்கம். சிரிப்பு அடங்க அந்த நேரம் உதவும், பாடகருக்கும் மூச்சு கிடைக்கும். மூன்றாம் சரணத்தை மெல்லத் தொடங்கி, கடைசி இரண்டு வரியை உச்ச வேகத்தில் விடுங்கோ.

முறிகண்டியான்:
நன்றி அண்ணை. மேடை கோயில் வெளியில். ஹோர்ன் ஸ்பீக்கர் பின்னுக்கும் கட்டுவினம்.

தண்ணீரூற்று:
அதுதான் பாட்டைக் கெடுக்கும். ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். 60 மீற்றர் தள்ளிக் கட்டின ஹோர்னின் சத்தம் மேடைக்கு 0.18 செக்கன் பிந்தி வரும், நீங்கள் பாடுற வேகத்தில் அது ஒரு முழு எழுத்து. இந்தப் பாட்டுக்கு மட்டும் பின் ஹோர்னை நிறுத்தச் சொல்லுங்கோ, ஏலாதென்றால் வேகத்தை 75க்கு இறக்குங்கோ. மைக்கை வாய்க்கு நேரே பிடிக்காமல் கன்னப் பக்கம் சரிச்சுப் பிடிச்சால் ‘ப’, ‘ப்ப’ வெடிக்காது. ‘முழிப்பவன்’ தெளிவாய்க் கேட்கும். எக்கோவை முழுக்க மூடிவிடுங்கோ.