குதிரை லாயத்தில் தங்கியவர்கள்: நாவல் படித்த அனுபவங்கள்

சான் மட்டேயோவிலிருந்து

மகள் பத்தாம் வகுப்பு. இந்த வருடம் பள்ளியில் ஜூலி ஒட்சுகா எழுதிய ‘வென் தி எம்பரர் வாஸ் டிவைன்’ பாடம். 2002இல் வந்த நாவல், ஒல்லியான புத்தகம். ரெண்டு நாளில் முடித்துவிட்டு வந்து, “அப்பா, இந்தக் குடும்பத்தில யாருக்குமே பேர் இல்ல. கடைக்காரருக்குப் பேர் இருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குப் பேர் இருக்கு. இவங்களுக்கு மட்டும் இல்ல” என்றாள். அதைக் கேட்டுத்தான் நானும் எடுத்தேன். கடைசியாக முழு நாவல் படித்து எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

கதை கலிபோர்னியாவின் பெர்க்லியில், ஒரு ஜப்பானிய அமெரிக்கக் குடும்பத்தில் தொடங்குகிறது. ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அன்று இரவே அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், வீட்டுச் செருப்போடும் குளியல் அங்கியோடும். 1942 வசந்தத்தில் ஜப்பானிய வம்சாவளியினர் ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று ஊரெல்லாம் நோட்டீஸ். அம்மா அதைப் படிக்கிறாள், வீட்டுக்குப் போய் மூட்டை கட்ட ஆரம்பிக்கிறாள். அழுகை, கூச்சல் எதுவும் இல்லை. அந்த பிப்ரவரி 19இல் அதிபர் ரூஸ்வெல்ட் போட்ட 9066ஆம் எண் ஆணையால் மேற்குக் கரையிலிருந்து ஜப்பானிய வம்சாவளியினர் ஏறக்குறைய 1,20,000 பேரைக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அமெரிக்கக் குடிமக்கள்.

வளர்ப்பு விலங்குகளைக் கொண்டுபோகக் கூடாது. பூனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாயிற்று. வயதான வெள்ளை நாயை யாரிடம் கொடுப்பது? அம்மா அதற்குச் சோறு உருட்டி வைக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் “செத்த மாதிரி படு” என்கிறாள். அது சொன்னபடி படுக்கிறது. மண்வெட்டியை ஓங்குகிறாள். மகள் அந்த ராத்திரி எங்கள் அறையில் வந்து படுத்தாள். பதினைந்து வயசுப் பெண்.

இதற்கு மேல்தான் என் கதை. அந்தக் குடும்பத்தை முகாமுக்கு அனுப்பும்முன் சில மாதம் டான்ஃபரான் குதிரைப் பந்தய மைதானத்தில் வைத்திருக்கிறார்கள், குதிரை லாயத்தில். நிஜத்திலும் 1942 ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை அங்கே ஏறக்குறைய 8,000 பேரை அடைத்திருந்தார்கள். டான்ஃபரான் என்ற பேரைப் பார்த்ததும் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டேன். சான் புரூனோவில் நாங்கள் பத்து வருடமாகப் போய்க்கொண்டிருந்த ஷாப்பிங் மாலின் பேர் அது. மகளுக்கு முதல் பள்ளிக்கூட ஷூ வாங்கியது அங்கேதான். அங்கே சீபிஸ்கட் என்ற பந்தயக் குதிரைக்குச் சிலை இருந்தது. அதன் பக்கத்தில் மகள் நிற்கிற போட்டோ எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

மனிதர்களுக்கும் சிலை இருக்கிறது, பக்கத்து பார்ட் ரயில் நிலையத்தில். கோட்டில் அடையாளச் சீட்டு தொங்க ரெண்டு சிறுமிகள். டோரத்தியா லாங்கே எடுத்த புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது, 2022இல் வைத்தார்கள். குதிரைக்குப் பல வருடம் கழித்து. அதைக் கடந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

இந்த மாதிரி நாவலைப் படித்தவர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

சர்ரேயிலிருந்து

வான்கூவரிலும் இதே கதைதான் சார். உங்களுக்கு மால், எங்களுக்குப் பொருட்காட்சி. ஹேஸ்டிங்ஸ் பார்க்கில் ஒவ்வொரு கோடையிலும் பி.என்.இ. திருவிழா. ராட்டினம், குட்டி டோநட், மாடு ஆடு காட்சி எல்லாம் இருக்கும். 1942இல் 8,000க்கு மேற்பட்ட ஜப்பானியக் கனடியர்களை அந்த வளாகத்தின் வழியாகத்தான் உள்நாட்டு முகாம்களுக்கு அனுப்பினார்கள். பெண்களையும் குழந்தைகளையும் கால்நடைக் கட்டடத்தில் தங்கவைத்தார்கள். நான் இதைப் பற்றி ஜாய் கொகாவா எழுதிய ‘ஒபாசான்’ நாவலைப் படித்த வருடம் திருவிழாவுக்குப் போய், அந்தக் கட்டடத்துக்குள் நின்று என் பையனுக்குக் கன்றுக்குட்டி காட்டிக்கொண்டிருந்தேன். சாணி வாசம். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “வெளியே போலாம்மா” என்றான். போய்விட்டோம்.

இன்னொன்று. போர் முடிந்தது 1945இல். இவர்களைத் திரும்பக் கடற்கரைப் பகுதிக்கு விட்டது 1949 ஏப்ரல் 1இல். அதற்குள் வீடு, படகு, கடை எல்லாவற்றையும் அரசாங்கமே விற்றுவிட்டது. விற்ற காசிலேயே அவர்களை அடைத்துவைத்த செலவையும் கழித்துக்கொண்டது. இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் வேறு எதற்கும் வரவில்லை.

சென்னையிலிருந்து

நான் எம்.ஏ. மாணவர்களுக்குக் கனடிய இலக்கியம் என்ற தாளில் ‘ஒபாசான்’ நடத்தியவள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாவலைப் படித்து வகுப்புக்கு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் கிடைக்கும். “மௌனம் – 10 மார்க், கல் – 5 மார்க்” என்று பிரித்து வைத்திருப்பார்கள். இனவெறி என்றால் ஒரு பக்கம் தயாராக இருக்கும், எந்த நாவலுக்கும் பொருந்துகிற மாதிரி.

ஒருநாள் கடுப்பாகி, நோட்ஸையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு நானே ஒரு பகுதியை வாய்விட்டுப் படித்தேன். சின்னப் பெண் நவோமி, மஞ்சள் கோழிக்குஞ்சுகளை எடுத்துப் போய் வெள்ளைக் கோழி இருக்கும் கூண்டில் விடுகிறாள். தாய்க்கோழி கொஞ்சும் என்று நினைக்கிறாள். அது ஒவ்வொன்றாகக் கொத்திக் கொல்கிறது. அவள் ஓடிப்போய் அம்மாவை அழைத்து வருகிறாள். அம்மா பதறாமல், ஒரு வார்த்தை திட்டாமல், மிச்சக் குஞ்சுகளை எடுக்கிறாள்.

வெள்ளை, மஞ்சள் என்று நிறத்தை வைத்து விளக்க ஆரம்பித்தேன். பல வருடமாகச் சொல்கிற விளக்கம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், அதுவரை வகுப்பில் வாய் திறக்காதவள், “மேடம், குஞ்சுகளைக் கூண்டுல விட்டது அவதானே? அப்போ வாழ்க்கை பூரா அவ, தன் மேலதான் தப்புன்னு நினைச்சுக்குவாளா?” என்றாள்.

என் விளக்கத்தில் அந்தப் பெண்குழந்தைக்கு இடமே இருந்ததில்லை. கொத்திய கோழியைப் பற்றித்தான் அத்தனை வருடமும் பேசியிருக்கிறேன்.

சான் மட்டேயோவிலிருந்து

மேடம், உங்கள் மாணவி கேட்டதைத்தான் என் மகளும் வேறு மாதிரி கேட்டாள். இந்த நாவலில் போர் முடிந்து அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கையில் தலைக்கு 25 டாலர். யாரோ இருந்துவிட்டுப் போன வீடு, சுவரில் கிறுக்கல். அதற்கு அப்புறம் பிள்ளைகள் ரெண்டு பேரும் பள்ளியில் ரொம்ப மரியாதையாக இருக்க ஆரம்பிக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நன்றி, எல்லாவற்றுக்கும் மன்னிப்பு. “ஸாரி சொல்ல வேண்டியது இவங்க இல்லையேப்பா” என்றாள்.

அமெரிக்க அரசு ஸாரி சொன்னது 1988இல். அப்போது உயிரோடு இருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர். 46 வருடம் ஆகியிருந்தது.

2022இல் விஸ்கான்சினில் ஒரு பள்ளி மாவட்டம் இதே நாவலைப் பாடமாக வைக்க விடவில்லை. அமெரிக்கத் தரப்பும் வேண்டும் என்று அப்போது பேச்சு அடிபட்டது. நாவலில் வருகிற ரெண்டு பிள்ளைகளும் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் தரப்பு எந்தத் தரப்பாம்?

ஸ்கார்பரோவிலிருந்து

நானும் ‘ஒபாசான்’ தான் படிச்சனான். 2010 புரட்டாதி, யூனிவர்சிற்றியில முதல் வருசம். அதுக்கு முதல் மாசம்தான் சன் சீ கப்பல் 492 தமிழ் ஆக்களோட வான்கூவர் தீவுக்கு வந்து சேந்தது. அவ்வளவு பேரையும் தடுத்து வைச்சினம். அதுக்குள்ள பயங்கரவாதியள் இருக்கலாம் எண்டு ரேடியோவில ஒரே கதை. வகுப்பில பேராசிரியர், “இப்படி ஒண்டு இண்டைக்கு நடக்குமோ?” எண்டு கேட்டார். முப்பது பேர் இருந்த வகுப்பில நான் ஒருத்திதான் தமிழ். எல்லாரும் என்னைப் பாக்கிற மாதிரி இருந்தது. நான் குனிஞ்சு புத்தகத்தைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். ரெண்டும் ஒண்டு எண்டு நான் சொல்ல வரேல்லை. நவோமி கனடாவிலயே பிறந்த பிள்ளை. ஆனா அண்டைக்கு வாய் திறக்காம இருந்தது இண்டைக்கும் உறுத்துது.

நாவலில என்னைப் பிடிச்சு இழுத்தது முகாம் இல்லை, நவோமியை வளத்த மாமி, அந்தக் கிழவி ஒபாசான். ஒண்டும் கதைக்க மாட்டா. ஒண்டையும் எறியவும் மாட்டா. மிச்சச் சாப்பாடு, நூல் துண்டு எல்லாம் சேத்து வைப்பா. பெரியாக்கள் எல்லாரும் ‘கொடொமோ நோ தமே’ எண்டுவினம், பிள்ளையளுக்காக எண்டு அர்த்தம். பிள்ளையள் நோகக் கூடாது எண்டு, தாய்க்கு நாகசாகியில என்ன நடந்தது எண்டதை நவோமிக்குச் சொல்லாமலே வளத்துப்போட்டினம். அவவுக்கு அது தெரியவரேக்க முப்பத்தாறு வயசு.

எங்கட அம்மம்மாவும் ஐஸ்கிரீம் டப்பா கழுவிக் கழுவி அடுக்கிறவ. 83 ஆடிக் கலவரத்தில கொழும்பு வெள்ளவத்தை வீடு எரிஞ்சு, முகாமில இருந்து, கப்பலில காங்கேசன்துறைக்குப் போனவை எண்டு அம்மா சொல்லித்தான் தெரியும். அம்மம்மா வாயால ஒரு சொல் வந்ததில்லை. கட்டுரை எழுதுற சாட்டில கேட்டன். “அதை ஏன் இப்ப கிண்டுறாய்? சாப்பிட்டியே?” எண்டா. பிறகும் ரெண்டு தரம் கேட்டன். அதே பதில்தான்.

கட்டுரையைக் குடுத்து ரெண்டு கிழமை இருக்கும். குசினியில வெங்காயம் உரிச்சுக்கொண்டு இருந்தவ, தானாத் தொடங்கினா.

“கப்பலில ஒரு பொம்பிளை எனக்குத் தேத்தண்ணி தந்தவ. நல்ல கோப்பை, நீலப் பூப் போட்டது. கரையில இறங்கின அவசரத்தில அதைத் திருப்பிக் குடுக்கேல்லை. அவ என்ன நினைச்சிருப்பாவோ.”

கோப்பை இப்ப எங்க எண்டு கேட்டன். பலாலி வீதியால ஓடேக்க உடைஞ்சு போச்சாம்.