தெருநாய் வைத்தியம்: எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது

அடிபட்ட நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு முதல் பயமே பில்தான். பார்த்த கேஸ்களில் காசு எங்கே கரைந்தது, எது குறைந்த செலவில் முடிந்தது என்பதை மட்டும் எழுதுங்கள். கண்ணீர்க் கதை வேண்டாம். (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கம்பவுண்டர்

டாக்டரிடம் "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கே செய்யாவிட்டால் உயிர் போகக்கூடியது எது, நாலு நாள் தள்ளினாலும் தாங்குவது எது?" என்று கேளுங்கள். பெரிய எஸ்டிமேட் அப்போதே இரண்டாகப் பிரிந்துவிடும். ரத்தப்போக்கு, மூச்சுத்திணறல், சிறுநீர் அடைப்பு இவையெல்லாம் இன்றைக்கு. கால் எலும்புக்கு பிளேட் வைப்பதைப் பெரும்பாலும் சில நாள் தள்ளலாம்; எதிலும் கடைசிச் சொல் டாக்டருடையது.

எடை தெரியாமல் மருந்து வாங்காதீர்கள். குளியலறைத் தராசில் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை, தனியாக ஒரு தடவை நின்று கழித்தால் போதும். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக கிலோவுக்கு 10 மி.கி. கணக்கு. 15 கிலோ நாய்க்கு நாளுக்கு 150 மி.கி., அதாவது 100 மி.கி. மாத்திரை ஒன்றரை. 28 நாளுக்கு 42 மாத்திரை. பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேளுங்கள். ஐந்தாம் நாள் நாய் துள்ளி விளையாடும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்துவதுதான் இதில் நடக்கும் பெரிய தப்பு. அடுத்த மாதமே திரும்பி வரும், ரத்தப் பரிசோதனையிலிருந்து எல்லாம் மறுபடி முதலில் இருந்து. பூனைக்கு இதே மாத்திரை கொடுத்தால் பின்னாலேயே சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கொடுங்கள். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் வெந்து புண்ணாகும்.

வீட்டு அலமாரியில் இருக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. பூனைக்கு அது விஷம்.

வேப்பேரி க்யூ

எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைக்கு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. தினசரி ஊசிக்கும் கட்டு மாற்றவும் பக்கத்துத் தெரு கிளினிக். இப்படிப் பிரித்துக்கொண்டால் செலவு பாதி இறங்கும். சென்னையில் வேப்பேரி. வெளியூர்க்காரர்களுக்கு நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ராமையன்பட்டி. கட்டணம் குறைவு, பதிலுக்கு அரை நாள் போகும். காலையிலேயே போய்விடுங்கள். பழைய ரிப்போர்ட், பிலிம் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். அது இல்லாமல் போனால் எடுத்த எக்ஸ்ரேயையே மறுபடி எடுக்க வேண்டிவரும்.

அடுத்து, பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்து ரத்தம் சொட்டும் நாய்கள். இனச்சேர்க்கையில் பரவும் புற்றுக்கட்டி அது. "கேன்சராம், ஆபரேஷனுக்கு ஆயிரக்கணக்கில் ஆகும்" என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஆபரேஷன் தேவையில்லை, வெட்டினாலும் திரும்ப வளர வாய்ப்புண்டு. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து ஊசி வாரம் ஒன்று, நாலிலிருந்து ஆறு வாரம். அளவு கிலோவுக்கு 0.025 மி.கி.; 16 கிலோ நாய்க்கு 0.4 மி.கி. மருந்துக் குப்பி (வயல்) ஒன்றில் 1 மி.கி. இருக்கும், திறந்ததை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்க முடியாது. ஆகவே ஒரே நாளில் இரண்டு நாய்களைக் கொண்டுபோனால் ஒரு குப்பியில் இரண்டுக்கும் முடியும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் வெள்ளை அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். 4000-க்குக் கீழே போயிருந்தால் அந்த வாரம் ஊசி கிடையாது. இந்தப் பரிசோதனையில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

மருந்து ரத்தக் குழாயை விட்டு ஒரு துளி வெளியே கசிந்தாலும் அந்த இடத்துத் தோலே அழுகி உதிரும். அதனால் கான்யுலா (ரத்தக் குழாயில் செருகும் மெல்லிய குழாய்) போட்டு, நாயை அசையாமல் பிடிக்க ஆள் வைத்து, டாக்டர் கையால்தான் போட வேண்டும். பிடிக்கிறவர் கையுறை போடட்டும், கர்ப்பிணிகள் பக்கத்தில் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை

வசூல் பற்றி. தனிமனிதர் ஜிபேயில் பணம் வாங்கினால் மூன்றாவது கேஸில் சந்தேகம் வரும், அது இயற்கை. கிளினிக்கின் க்யூஆர் கோடையே போடுங்கள், குறிப்பில் கேஸ் பெயர் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட் படம் முதல் நாள், பில் படம் கடைசி நாள். மிஞ்சினால் எந்த நாய்க்குப் போகும் என்பதை வசூலுக்கு முன்பே எழுதிவிடுங்கள். நாய் செத்த பிறகு மிச்சப் பணத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டைதான்.

அவசரத்துக்கு 5000 திரட்டுவதைவிட, 30 பேர் மாதம் 100 போடுவது சுலபம். மாதம் 3000 கையில் இருந்தாலே கிளினிக்கில் கணக்கு வைத்துக்கொள்ள ஒத்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) அது வெளிநாட்டு நிதி. அந்தச் சட்டத்தில் பதிவில்லாத குழு அதை வாங்கக் கூடாது.

மாடிப்படி

கணக்குப்பிள்ளை அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மருந்தைவிடத் தங்கவைக்கும் வாடகைதான் ஆளைச் சாய்க்கும். இடுப்பெலும்பு முறிந்த நாய்களில் பலவற்றுக்கு ஆபரேஷனே வேண்டாம், நாலிலிருந்து ஆறு வாரம் அசையாமல் கிடந்தால் கூடிவிடும் என்று டாக்டரே சொல்வார். அத்தனை நாளும் போர்டிங்கில் விட்டால் அதுவே பெரிய பில். மாடிப்படிக்கு அடியில் இரண்டு பிளைவுட் பலகையை மறித்தால் கூண்டு ரெடி. டைல்ஸ் மேல் சாக்கு விரியுங்கள், வழுக்கினால் கூடிய எலும்பும் விலகும். சிறுநீரும் மலமும் போகிறதா என்று தினமும் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு நாள் முழுக்க சிறுநீர் வரவில்லையென்றால் காத்திருக்கக் கூடாது.

அதே இடத்தில் பார்வோ (வாந்தி, ரத்த பேதி வரும் வைரஸ் நோய்) வந்த குட்டி இருந்திருந்தால் பினாயில் போட்டுக் கழுவிப் பயனில்லை, அந்தக் கிருமி சாகாது. ஒரு பங்கு ப்ளீச், முப்பது பங்கு தண்ணீர். முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, பிறகு ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். சாக்கைத் தூக்கிப் போடுங்கள்.

கழுத்துக் கூம்பு வாங்கக் காசில்லையா? பழைய பிளாஸ்டிக் வாளியின் அடியைக் கழுத்தளவுக்கு வட்டமாக வெட்டி, விளிம்பைத் துணியால் சுற்றி டேப் ஒட்டுங்கள். சுற்றி நாலு ஓட்டை போட்டு நாடாவால் கழுத்துப்பட்டையோடு கட்டுங்கள். வாளி விளிம்பு மூக்கைத் தாண்டி மூன்று விரல் நீளவேண்டும். குறைந்தால் நாக்கு எட்டும், தையல் போய்விடும், மறுதையலுக்கு மறுபடி மயக்க ஊசி.

கம்பவுண்டர்

புழு வைத்த புண்ணுக்கு பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுகிறார்கள். புழுவோடு சதையும் வெந்து போகும். சில சொட்டு டர்பென்டைன் விட்டால் புழு மேலே வரும், இடுக்கியால் எடுக்கலாம். கண், காதுக்குள், ஆசனவாய்ப் பக்கம் என்றால் நீங்கள் கை வைக்க வேண்டாம். இன்று சுத்தமாக இருந்தாலும் ஒட்டியிருக்கும் முட்டை மறுநாளே பொரிக்கும், ஆகவே மூன்று நாள் தொடர்ந்து பாருங்கள்.

வேப்பேரி க்யூ

வாய் தொங்கி எச்சில் ஒழுகும் நாயைப் பார்த்து "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு" என்று கையை விடாதீர்கள். வெறிநோயும் அப்படித்தான் இருக்கும். எச்சில் பட்டாலும் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ஊசி இலவசம். அடிக்கடி நாய் தூக்குகிறவர்கள் கடிபடும்வரை காத்திருக்காமல் முன்தடுப்பு ஊசியை முடித்து, தேதிச் சீட்டை மொபைலில் படமெடுத்து வையுங்கள். அடுத்த தடவை கடிபட்டால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.