துப்பாக்கி வன்முறையைத் தடுக்க ஊர்மக்களால் என்ன செய்ய முடியும்?

பொன்னி (கேள்வி):
அமெரிக்க நகரங்களின் துப்பாக்கிச் சூடுகளைப் பற்றிப் பேசினாலே, பேச்சு சட்டத்திலும் காவல்துறையிலும் வந்து நின்றுவிடுகிறது. அங்கே குடியிருப்பவர்கள் தாங்களாகவே இறங்கித் தடுத்த முயற்சிகள் உண்டா? சுடப்பட்டுப் பிழைத்தவரை அதன் பிறகு யார் கவனிக்கிறார்கள்?

கார்முகில்:
உண்டு. ஆப்பிரிக்காவில் தொற்றுநோய்த் தடுப்புப் பணியில் இருந்துவிட்டுத் திரும்பிய கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர், வன்முறையும் நோயைப் போலவே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது என்று கருதி, 2000ஆம் ஆண்டில் சிகாகோவின் வெஸ்ட் கார்ஃபீல்டு பார்க் பகுதியில் 'சீஸ்ஃபயர்' (சண்டை நிறுத்தம்) திட்டத்தைத் தொடங்கினார். அதன் களப்பணியாளர்களில் பலர் முன்பு கும்பல்களில் இருந்தவர்கள். தம்பியைப் பறிகொடுத்த அண்ணன் பழிவாங்கக் கிளம்பும் இரவில், அவன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து விடியும்வரை பேச்சுக் கொடுக்க அவர்களால்தான் முடியும்; சீருடை அணிந்தவரிடம் அவன் மனம்விட்டுப் பேச மாட்டான். இத்திட்டத்தின் பலனைப் பற்றிய ஆய்வு முடிவுகள் இடத்துக்கு இடம் மாறுகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2015இல் மாநில நிதி நின்றபோது பணியாளர்கள் பலரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று.

வைகறை:
பிழைத்தவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், தாமே சுடப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ நேர்ந்த ஷெர்மன் ஸ்பியர்ஸ், 1994இல் 'யூத் அலைவ்' அமைப்பின் வழியே, காயம்பட்ட இளைஞர்களை மருத்துவமனைப் படுக்கையிலேயே சந்திக்கும் பணியைத் தொடங்கினார். கட்டுப் பிரிக்கும் முன்பே "யார் சுட்டது, சொல்" என்று நண்பர்கள் சூழ்ந்துகொள்ளும் நேரத்தில், அதே வலியை அறிந்த ஒருவர் அருகில் இருப்பது எந்த அறிவுரையையும்விட மேலானது என்பது என் எண்ணம். வீடு திரும்பிய பின்னும் பள்ளி, வேலை, மனநல ஆலோசனை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான அரசு இழப்பீட்டு விண்ணப்பம் என எல்லாவற்றிலும் துணை நிற்கிறார்கள்.

பொன்னி:
நன்றி. அந்த இழப்பீட்டில் ஈமச்செலவும் அடங்குமா?

வைகறை:
பொதுவாக அடங்கும், உச்சவரம்பு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.